உப்பு நீரும் ஒளிக்கத்தியும்: கண் அறுவைக்குப் பின் வரும் தொற்றின் வரலாறு

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப்போறது மரக்காணத்தில் ஆரம்பிச்சு, டோக்கியோ வரைக்கும் போய், திரும்ப மரக்காணத்துக்கே வர்ற ஒரு கதை. விஷயம் கண். இன்னும் குறிப்பாகச் சொன்னால், கண்ணில் அறுவை செய்துகொண்ட பிறகு வரும் கிருமித் தொற்று.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போனவங்க மரக்காணத்தைக் கடக்காம போயிருக்க முடியாது. பங்குனி, சித்திரை மாதத்தில் போயிருந்தால் சாலை ஓரத்தில் உப்பு அம்பாரங்களைப் பார்த்திருப்பீங்க. வண்டிக்குள்ளே இருந்து ரெண்டு நிமிஷம் பார்த்தாலே கண் கூசும். காலையிலிருந்து அந்தப் பாத்தியில் நின்று உப்பு வாருகிறவர்களுக்கு அந்த வெளிச்சம்தான் வேலை செய்யும் இடம். மேலே வெயில், கீழே வெள்ளைத் தரை, நடுவில் கண்.

இந்த ஊருக்கு உப்பு புதுசு இல்லை. சங்க இலக்கியத்தில் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் என்ற துறைமுகம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இங்கே இருக்கிற பூமீஸ்வரர் கோயில் சோழர் காலத்துக் கோயில். அதன் கல்வெட்டுகளில் உப்பளங்கள் வருகின்றன. பிரிட்டிஷ் காலத்தில் பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிந்த இடமும் மரக்காணம்தான். அந்தக் கால்வாய் வழியாகப் படகுகளில் உப்பு சென்னைக்குப் போயிற்று. அப்படின்னா, ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக இந்தக் கரையில் மனிதர்கள் அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறார்கள்.

சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் இருக்கு. அது பல வருஷம் கண்ணில் பட்டால் கண்புரை வரும் வாய்ப்பும், வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை வளரும் வாய்ப்பும் கூடும். இது மருத்துவத்தில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அதனால் உப்பளத்து ஊர்களில் கண் அறுவை என்பது என்றைக்கோ ஒருநாள் வீட்டு வாசலுக்கு வந்தே தீரும் ஒன்று.

அது இப்போ ரெண்டு வழியில் வருது. பாத்தியில் வேலை செய்த அம்மாவுக்குக் கண்புரை முற்றினால் இலவச முகாம். அவங்க பெண்ணோ பையனோ படித்து, கண்ணாடி போட்டு, அதைக் கழற்றணும்னு நினைத்தால் லேசர். கல்யாணத்துக்காக இருக்கலாம், வேலைக்காக இருக்கலாம். ஒன்று அரசு உதவியில் நடக்கிறது, இன்னொன்று கைக்காசில் நடக்கிறது. பார்க்க இரண்டும் வேறு வேறு உலகம் மாதிரி தெரியும். ஆனால் தொற்று என்று வரும்போது இரண்டின் வரலாறும் ஒன்றுதான். அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

கண் ஏன் இவ்வளவு எளிதில் தோற்றுப்போகிறது

கையில் ஒரு வெட்டு விழுந்தால் ரத்தம் வரும். ரத்தத்தோடு வெள்ளை அணுக்கள் வரும், கிருமியோடு சண்டை போடும். கண்ணின் முன்னால் இருக்கும் கருவிழிப் படலத்தில், அதாவது கார்னியாவில், ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் நமக்குத் தெளிவாகத் தெரியாது. கண்ணுக்குள்ளே நிறைந்திருக்கும் கூழ் போன்ற நீர்மத்திலும் ரத்தக் குழாய் கிடையாது. ஒளி தடையில்லாமல் போகணும் என்பதற்காக உடம்பு அங்கே காவல்காரர்களை நிறுத்தவில்லை. அந்த இடத்துக்குள் கிருமி புகுந்துவிட்டால் அதுக்குப் பெரிய எதிர்ப்பு இருக்காது. உள்ளே பரவும் இந்த அழற்சிக்கு எண்டாப்தால்மைட்டிஸ் என்று பெயர். ஒரே நாளில், சில சமயம் சில மணி நேரத்தில், பார்வையை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இது ஏழைக்கு மட்டும் வந்த வினை இல்லை. இசையமைப்பாளர் பாக்குக்கு 1750-இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர் இரண்டு தடவை கண் அறுவை செய்தார். பாக் பார்வையைத் திரும்பப் பெறவே இல்லை. அதே வருஷம் ஜூலையில் இறந்துபோனார். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கச் செய்தது ஒரே முறைதான்: ஊசியால் குத்தி, புரை விழுந்த லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது. சுஸ்ருத சம்ஹிதையில் வருவதும் இந்த வகைதான். லென்ஸைக் கண்ணிலிருந்து வெளியே எடுக்கும் முறையை பிரான்ஸ் நாட்டு ஜாக் டேவியல் 1747-இல் தொடங்கினார்.

நம்ம பக்கம் பார்த்தால், தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளுக்கு அறுவை செய்து, ஒவ்வொருவரைப் பற்றியும் கண்ணின் படம் வரைந்து குறிப்பு எழுதிவைத்தார்கள். அறுவைக்குப் பிறகு அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்பதும் குறிப்பில் உண்டு. அந்த ஏடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சென்னையில் 1819-இல் கண் மருத்துவமனை தொடங்கியது. இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை அதுதான்.

சரபோஜியின் மருத்துவர்களுக்கும் சரி, டேவியலுக்கும் சரி, கிருமி என்றால் என்ன என்று தெரியாது. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயத்தைக் காக்கும் முறையை வெளியிட்ட பிறகுதான் அறுவை அரங்குக்குள் "சுத்தம்" என்ற சொல்லுக்கு அறிவியல் பொருள் வந்தது. அதுக்கப்புறம் கண் அறுவையில் தொற்று வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு புதுக் குணமும் வந்தது. முன்னெல்லாம் அங்கொருவர் இங்கொருவர் என்று பார்வை போகும். பெரிய அளவில், ஒரே நாளில், ஒரே அரங்கில், ஒரே குப்பியிலிருந்து பலருக்கு அறுவை நடக்க ஆரம்பித்ததும், தவறும் மொத்தமாக வர ஆரம்பித்தது.

குர்ஜா: உப்புத் தண்ணீர்க் குப்பி

இந்தியாவில் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-இல் தொடங்கியது. அதே வருஷம் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமங்களில் லட்சக்கணக்கான பேர் கண்புரையால் பார்வையில்லாமல் இருந்த காலம். மருத்துவமனைக்கு அவர்கள் வரமாட்டார்கள், வர முடியாது. அதனால் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் முகாம் போட்டு, அங்கேயே அறுவை செய்தார்கள். அந்த முகாம்கள் இல்லையென்றால் எத்தனையோ பாட்டிமார் பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போயிருப்பார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்லணும்.

1986 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா என்ற ஊரில் லயன்ஸ் சங்கம் ஒரு முகாம் நடத்தியது. 108 பேருக்கு அறுவை. அதில் 88 பேருக்குக் கண்புரை. அவர்களில் 84 பேருக்குக் கண் நிரந்தரமாகக் கெட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஏ.எஸ். மிட்டல் எதிர் உத்தரப் பிரதேச அரசு என்ற பெயரில் 1989-இல் தீர்ப்பு வந்தது. தொற்று எங்கிருந்து வந்திருக்கும் என்று பார்த்தபோது சந்தேகம் போய் நின்ற இடம், அறுவையின்போது கண்ணில் ஊற்றிய சலைன். உப்புத் தண்ணீர்! ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாய்க்கு மேலே ஆளுக்கு 12,500 ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம்.

இங்கே மரக்காணத்துக்காரர் ஒருத்தர் கேட்கலாம்: "உப்புத் தண்ணியில எப்படிங்க கிருமி இருக்கும்? மீனையே உப்புப் போட்டுத்தான் கெடாம வைக்கிறோம்?" நியாயமான கேள்வி. பதில் அளவில் இருக்கு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவைத்து, உப்பு பூக்கும் கட்டத்துக்கு வரும்போது அது ஏழு எட்டு மடங்கு கெட்டியாகிவிடும். அந்தத் தண்ணீரில் உப்பை விரும்பும் சில தனி வகை நுண்ணுயிர்கள்தான் வாழும். கண்ணில் ஊற்றும் சலைனில் லிட்டருக்கு வெறும் 9 கிராம். அது நம்ம உடம்பு நீரின் உப்பளவு. உடம்புக்கு இதமாக இருப்பது கிருமிக்கும் இதம்தான். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அந்தச் சலைனிலும் பெருகும், குழாய்த் தண்ணீரிலும் பெருகும், சோப்புக் கரைசலில்கூடப் பிழைத்துக் கிடக்கும். உப்பு காப்பாற்றும் என்ற நம்ம அனுபவ அறிவு சலைன் குப்பியின் மூடியைத் திறந்த நொடியோடு முடிந்துபோகிறது.

கடுவனூர், 2008

குர்ஜா தூரத்து ஊர். அடுத்தது நம்ம ஊர்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். அதே மாவட்டத்தின் மேற்குப் பக்கம், மரக்காணத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, சங்கராபுரம் பக்கம் கடுவனூர் என்று ஒரு கிராமம். இப்போ அது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2008 ஜூலை 28-ஆம் தேதி அங்கே ஓர் இலவச கண் முகாம் நடந்தது. மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தின் ஆதரவோடு, திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை நடத்திய முகாம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கண்புரை உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, பெரம்பலூரில் இருந்த அந்த மருத்துவமனையின் கிளைக்கு அழைத்துப் போய் அறுவை செய்தார்கள். 66 பேருக்குப் பார்வை போனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த அறுவைகள் பள்ளிக்கூடத்து பெஞ்சில் நடக்கவில்லை, மருத்துவமனைக்குள் நடந்தன. குர்ஜாவுக்குப் பிறகு நாடு கற்றுக்கொண்ட பாடம் "கூடாரத்தில் அறுவை வேண்டாம், கட்டடத்துக்குள் செய்" என்பது. நல்ல பாடம்தான். ஆனால் கட்டடம் மட்டும் கிருமியைத் தடுக்காது என்று பெரம்பலூர் காட்டியது.

வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 2018-இல்தான் திருச்சி விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மருத்துவமனையைச் சேர்ந்த மூன்று பேருக்கு ஓராண்டு சிறைத்தண்டனை. நடுவில் பத்து வருஷம். கூலி வேலைக்குப் போகும் அறுபது வயசுக்காரருக்குப் பத்து வருஷம் என்றால் என்ன என்று யோசிச்சுப் பாருங்க. ஒரு கண் போனவர் களை எடுக்கலாம், ஆடு மேய்க்கலாம். ஆனால் மேடு பள்ளம் தெரியாது, வரப்பில் நடக்கும்போது கால் தடுக்கும். அவர் முகாமுக்குப் போனது இருக்கிற பார்வையை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வருஷம் உழைக்கணும் என்றுதான்.

கடுவனூரோடு நிற்கவும் இல்லை. சத்தீஸ்கரின் பாலோத், 2011. பஞ்சாபின் குமான், 2014. பிகாரின் முசாபர்பூர், 2021. ஊர் மாறும், மொழி மாறும். கூட்டமாக அறுவை, கூட்டமாகத் தொற்று, அதுக்கப்புறம் விசாரணைக் குழு.

சென்னையில் பிறந்தவரும் லேசரும்

இப்போ கதையின் இன்னொரு கிளை. "முகாமில்தான் இப்படி நடக்கும், நாம காசு கொடுத்து லேசர் செய்துகொள்கிறோம், அதில் கத்தியே கிடையாது, கிருமி எப்படி வரும்?" என்று நினைக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

லேசர் பார்வைத் திருத்தத்தின் வேர் ஒரு சென்னைக்காரரிடம் இருக்கு. ரங்கசாமி சீனிவாசன். 1929-இல் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அமெரிக்கா போய் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே எக்ஸைமர் லேசர் என்று ஒன்று. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி. அதை வைத்துப் பிளாஸ்டிக்கைச் செதுக்கிக்கொண்டிருந்தார். உயிருள்ள திசுவிலும் இது வேலை செய்யுமா என்ற கேள்வி வந்தது. 1981 நவம்பர் 27-ஆம் தேதி, நன்றி நவிலல் பண்டிகைக்கு மறுநாள், விருந்தில் மிச்சமான வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் அந்த ஒளியில் காட்டினார். சாதாரண லேசர் கருக்கிவிடும் இடத்தில், இது சுத்தமாக, கருகாமல், விளிம்பு வைத்த மாதிரி வெட்டியது. கூட வேலை செய்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளூம். 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் சேர்ந்தபிறகு அந்த ஒளி கருவிழிக்கு வந்தது. 2013-இல் சீனிவாசன், வின், ப்ளூம் மூன்று பேருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது.

உப்பளத்தில் பல வருஷம் கண்ணைக் கெடுப்பதும் புற ஊதா ஒளி; ஆய்வுக்கூடத்தில் கண்ணைத் திருத்துவதும் புற ஊதா ஒளி. ஆனால் இரண்டும் வேறு அலைநீளம். 193 நானோமீட்டர் ஒளி கருவிழியின் மேல் அடுக்கிலேயே முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடும், உள்ளே போகாது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகத்தான் சீவும்.

லாசிக் என்று இன்று நாம் சொல்வதில் இன்னொரு படி உண்டு. கிரேக்க மருத்துவர் இயோனிஸ் பல்லிகாரிஸ் 1990-இல் செய்துகாட்டியது. கருவிழியின் மேல்பகுதியில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திறப்பார்கள். புத்தக அட்டையைத் திறப்பதுபோல. அடியில் லேசர் அடித்து வளைவைத் திருத்திவிட்டு, அந்த மூடியைத் திரும்பப் படுக்கவைத்து, நீர் ஊற்றிக் கழுவி ஒட்டவைப்பார்கள். தையல் கிடையாது. கத்தியால் வெட்டினாலும் சரி, இப்போ மாதிரி இன்னொரு லேசரால் வெட்டினாலும் சரி, மூடியைத் தூக்குவது உலோகக் கருவி, கழுவுவது தண்ணீர். ஒளி படும் இடம் வேறு, கருவி தொடும் இடம் வேறு. கிருமி வருவது இரண்டாவது வழியில். மூடி படுத்ததும் அதுக்கு இருட்டான, கதகதப்பான, மேலிருந்து ஊற்றும் சொட்டு மருந்து எளிதில் எட்டாத இடம் கிடைத்துவிடுகிறது.

ஸ்பெயினும் டோக்கியோவும்

ஒழுங்காகச் செய்தால் இது எவ்வளவு அரிது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் 2,04,586 லாசிக் அறுவைகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். தொற்று வந்தது 72 கண்களில். கிட்டத்தட்ட 2,800-க்கு ஒன்று.

இப்போ டோக்கியோ. கின்சா என்பது அந்த நகரத்தின் மிகப் பணக்காரப் பகுதி. அங்கே ஒரு கண் சிகிச்சை நிலையத்தில் 2008 செப்டம்பரிலிருந்து 2009 ஜனவரி வரை 639 பேர் லாசிக் செய்துகொண்டார்கள். 67 பேருக்குத் தொற்று. பத்துக்கு ஒருவர்! சுகாதார அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது, கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. நிலையத்தை நடத்திய மருத்துவருக்கு 2011-இல் டோக்கியோ நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

கடுவனூரையும் கின்சாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒன்று கரும்பும் நெல்லும் விளையும் கிராமம், இலவச அறுவை, வயதானவர்கள். இன்னொன்று உலகத்தின் விலை உயர்ந்த கடைவீதி, காசு கொடுத்த அறுவை, பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளைஞர்கள். இரண்டும் ஒரே வருஷத்தில் தொடங்கியவை. நவீன இயந்திரம் இருந்ததா என்பது கின்சா நோயாளிகளைக் காப்பாற்றவில்லை. கருவி உண்மையிலேயே கிருமிநீக்கம் ஆனதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

லாசிக்குக்குப் பிறகு கூட்டமாக வரும் தொற்றுகளில் அடிக்கடி சிக்கும் கிருமி மைக்கோபாக்டீரியம் கெலோனே. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. மண்ணிலும் தண்ணீரிலும் இயல்பாக இருப்பது. குழாயின் உட்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் கட்டிக்கொண்டு வாழும், குளோரினுக்கு எளிதில் சாகாது. இதன் இன்னொரு குணம் மெதுவாக வளர்வது. கண்ணுக்குள் போன சூடோமோனாஸ் இரண்டு மூன்று நாளில் தன்னைக் காட்டிவிடும். இது இரண்டு வாரம், நான்கு வாரம், சில சமயம் அதற்கும் மேல் சத்தமில்லாமல் இருக்கும். அதுக்குள்ளே அந்த ஆள் "எனக்கு எல்லாம் நல்லா ஆயிடுச்சு" என்று வேலைக்குத் திரும்பியிருப்பார். வழக்கமான ஆன்டிபயாட்டிக் சொட்டு பலவற்றுக்கு இது அடங்காது. மூடியைத் திரும்பத் தூக்கி, அடியில் கழுவி, அமிகாசின் போன்ற மருந்தை வாரக்கணக்கில் போடணும். சிலருக்கு அந்த மூடியையே வெட்டி எடுக்க வேண்டிவரும்.

திருப்போரூரின் குப்பி

தண்ணீர், குப்பி, மூடி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது மரக்காணத்துக்கு வடக்கே இருக்கும் இன்னொரு ஊரைச் சொல்லாமல் விட முடியாது. 2023 தொடக்கத்தில் அமெரிக்காவில் கண் வறட்சிக்குப் போடும் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தோடு தொடர்புடைய தொற்று ஒன்று பரவியது. மருந்துகளுக்கு எளிதில் அடங்காத சூடோமோனாஸ். அந்த மருந்து தயாரானது திருப்போரூர் பக்கம் இருந்த குளோபல் பார்மா ஹெல்த்கேர் ஆலையில். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டிவந்தது, 4 பேர் இறந்தார்கள். தாங்கள் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று நம்ம மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். ஆலையைப் பார்வையிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் கிருமியற்ற தயாரிப்பு முறையில் குறைகள் இருந்ததாகப் பதிவு செய்தார்கள். நிறுவனம் மருந்தைத் திரும்பப் பெற்றது.

இது அறுவைக்குப் பின் வந்த தொற்று இல்லைதான். ஆனால் லாசிக் செய்துகொண்ட பலருக்கு மாதக்கணக்கில் கண் வறட்சி இருக்கும். அவர்கள் தினமும் போடுவது இந்த வகைச் சொட்டைத்தான். கண்ணுக்குள் போகும் கடைசித் துளி வரைக்கும் சங்கிலி நீளுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

குறைக்க முடியும் என்பதற்கும் நம்ம ஊரே சாட்சி

இதெல்லாம் கேட்டுவிட்டு "கண் அறுவையே வேண்டாம்பா" என்று யாராவது முடிவு செய்தால் அது இந்த எபிசோடின் தோல்வி. கண்புரையை அறுக்காமல் விட்டால் பார்வை நிச்சயமாகப் போகும். அறுத்தால் போகும் வாய்ப்பு மிகச் சிறியது. அதை இன்னும் சிறியதாக்கவும் முடியும்.

கண்ணைச் சுற்றிலும் கண்ணின் மேற்பரப்பிலும் பொவிடோன் அயோடின் கரைசல் போடுவது, அறுவைக்கு முன்னால் செய்யும் மிக மலிவான, மிக முக்கியமான காரியம். அடுத்தது, அறுவை முடிகிற நேரத்தில் கண்ணுக்குள்ளேயே ஒரு துளி ஆன்டிபயாட்டிக் செலுத்துவது. ஐரோப்பிய ஆய்வு ஒன்று இதன் பலனை 2007-இல் காட்டியிருந்தது. அரவிந்த் மருத்துவமனைகளில் மாக்சிஃப்ளாக்சசின் மருந்தை இப்படிக் கொடுக்க ஆரம்பித்து, ஏறக்குறைய ஆறு லட்சம் கண்புரை அறுவைகளின் கணக்கை 2017-இல் வெளியிட்டார்கள். பத்தாயிரத்துக்கு 7 என்று இருந்த தொற்று பத்தாயிரத்துக்கு 2 ஆகக் குறைந்திருந்தது. முகாமிலிருந்து வந்த ஏழைகளும் அதில் அடக்கம். இலவசம் என்றால் தரம் குறையும் என்பது விதி இல்லை. கணக்கு வைத்து, ஒவ்வொரு தொற்றையும் எண்ணி, எங்கிருந்து வந்தது என்று தேடுகிற இடத்தில் தொற்று குறைகிறது. சரபோஜி காலத்தில் தஞ்சாவூரில் நோயாளி திரும்பப் போன பிறகும் குறிப்பு எழுதினார்களே, அந்தப் பழக்கத்தின் நவீன வடிவம்தான் இது.

மரக்காணத்து வீட்டுக்குத் திரும்பினால்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான். ஜிப்மர் இருக்கு, தவளக்குப்பத்தில் அரவிந்த் இருக்கு. ஆனால் தூரம் கிலோமீட்டரில் மட்டும் இல்லை. உப்பு பூக்கும் பருவத்தில் ஒருநாள் வேலைக்குப் போகலைன்னா ஒருநாள் கூலி போச்சு. கூட வருகிற பிள்ளைக்கும் ஒருநாள் போச்சு. அதனால் அறுவைக்கு மூன்றாம் நாள் கண் வலித்தால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருந்துவிடுவார்கள். எண்டாப்தால்மைட்டிஸில் அந்த ஒரு நாள்தான் கண்ணுக்கும் குருட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்.

இன்னொரு வழக்கமும் ஆபத்தானது. கண் சிவந்தால் நம்ம ஊரில் உடனே "மெட்ராஸ் ஐ" என்று சொல்லிவிடுவோம். நாலு நாளில் போயிடும் என்பது பொது நம்பிக்கை. அறுவை செய்த கண்ணுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதைவிட மோசம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், வலி குறையும், கிருமி மட்டும் உள்ளே வளரும். லாசிக்குக்குப் பிறகு வரும் மைக்கோபாக்டீரியத் தொற்று பல நாள் கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் நினைவில் வைக்க வேண்டியது இரண்டு காலம். கண்புரை அறுவை என்றால் முதல் வாரம். வலி கூடினாலோ, பார்வை முதல் நாளைவிட மங்கினாலோ, இமை வீங்கினாலோ அன்றைக்கே, அறுவை செய்த இடத்துக்கே போகணும். லாசிக் என்றால் முதல் வாரத்தோடு கூட, இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டாம் மாதம் வரைக்கும். ஒளி பார்த்தால் கூசுவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிவது, இறங்கியிருந்த மங்கல் திரும்ப ஏறுவது. அந்தக் காலத்தில் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கடல் நீரோ கண்ணில் படக் கூடாது என்று மருத்துவர் சொல்வது சடங்கு இல்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கு அது இன்னும் முக்கியம். பாத்தித் தண்ணீர் தெறிக்கும், உப்புத்தூள் பறக்கும், கை தானாகக் கண்ணுக்குப் போகும்.

நோயாளிக்குக் கேட்க உரிமை உள்ள கேள்விகளும் இருக்கு. கருவிகளை ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகக் கிருமிநீக்கம் செய்கிறீர்களா? அது நடந்ததா என்று சோதிக்கிறீர்களா? ஊற்றும் திரவத்தின் குப்பி ஒருத்தருக்கு ஒன்றா, பலருக்கு ஒன்றா? ராத்திரியில் வலித்தால் யாரை அழைப்பது? கடைசிக் கேள்வியை முகாமுக்கு வந்த பாட்டியும் கேட்கலாம், கைக்காசு கொடுத்த பேத்தியும் கேட்கலாம். கடுவனூரிலிருந்து போனவர்களுக்கும் கின்சாவுக்குப் போனவர்களுக்கும் அப்படிக் கேட்கணும்னு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பருவம் முடிந்து ஐப்பசி மழை வந்தால் மரக்காணத்துப் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் பலர் தள்ளிப்போட்ட வைத்தியங்களைச் செய்துகொள்வது. உங்க வீட்டிலும் யாராவது கண் அறுவைக்காகக் காத்திருந்தால், இந்த எபிசோடை அவங்களோட உட்கார்ந்து கேளுங்க. வேறொரு வரலாற்றோடு அடுத்த வாரம் சந்திப்போம்.